சுவரின் நடுவில் ஒரு கதவு: இங்கிலாந்தின் பழைய கிராமத்துச் சர்ச்சுகள்

கேள்வி இதுதான்: "மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தோம். சஃபோக் பக்கம் ஒரு கிராமத்தில் 600 வருடப் பழைய சர்ச் ஒன்றைப் பார்த்தோம். உள்ளே வெள்ளைச் சுவரும் மரப் பெஞ்சும்தான். அவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்பியவர்கள் உள்ளே எதுவுமே வைக்கவில்லையா? அப்புறம், சுவரில் பத்தடி உயரத்தில் ஒரு சின்னக் கதவு. படியும் இல்லை, மாடியும் இல்லை. அது எதற்கு?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். சுவர் முழுக்கச் சித்திரம், மாடத்துக்கு மாடம் சுரூபம் (புனிதர் சிலை), ஒவ்வொன்றின் முன்னாலும் விளக்கு, சன்னல்களில் வண்ணக் கண்ணாடி என்று நிறைந்து வழிந்த இடம் அது. 1530-களில் இங்கிலாந்து போப்பாண்டவரின் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் பிரிந்தது. அதில் தொடங்கி முப்பது வருடத்துக்குள், அடுத்தடுத்து வந்த அரசாணைகளால் அதில் பெரும்பகுதி காலியானது. நீங்கள் பார்த்த கதவு அதன் தடயம். இங்கிலாந்தில் இடைக்காலத்துச் சர்ச்சுகள் 8,000-க்கு மேல் இன்றும் நிற்கின்றன. அவற்றில் ஏராளமான இடங்களில் இதே கதவு உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சர்ச் கிழக்கு மேற்காக அமைந்திருக்கும். மேற்கில் கோபுரம், நடுவில் மக்கள் கூடும் பெரிய கூடம், கிழக்குக் கோடியில் பலிபீடம் உள்ள சிறிய பகுதி. கூடத்தை 'நேவ்' என்றும் பீடப் பகுதியை 'சான்சல்' என்றும் சொல்வார்கள். நம் கோயிலில் மகாமண்டபத்துக்கும் கருவறைக்கும் உள்ள வேறுபாடு மாதிரி, ஒன்று ஊராருடையது, மற்றது குருவானவருடையது. இரண்டுக்கும் நடுவே செதுக்கு வேலைப்பாடுள்ள ஒரு மரத் தடுப்பு நிற்கும். அதன் கீழ்ப்பாதி பலகை. அதில் வரிசையாகப் புனிதர்களின் ஓவியம். மேல்பாதி திறந்திருக்கும், அதன் வழியே பூசையைப் பார்க்கலாம். தடுப்பின் தலையில் ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு பரண். அதற்கும் மேலே, கூடத்தில் நிற்கிற எல்லாரும் அண்ணாந்து பார்க்கும்படி, பாடுபட்ட சுரூபம்: சிலுவையில் இயேசு, ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் அருளப்பர் (யோவான்).

அந்தச் சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றவும், தவக்காலத்தில் துணி போட்டு மூடவும், திருநாளில் நின்று பாடவும் யாராவது மேலே ஏறியாக வேண்டும். அதற்காகச் சுவரின் கனத்துக்குள்ளேயே குறுகலான படிக்கட்டைக் குடைந்து வைத்தார்கள். அந்தப் படிக்கட்டின் மேல்வாசல்தான் நீங்கள் பார்த்தது. பின்னாளில் பரணை இடித்தார்கள், சுரூபத்தை எரித்தார்கள். சுவருக்குள் இருந்த படியை நோண்டி எடுக்க யாரும் மெனக்கெடவில்லை. பரண் இடிபடாமல் தப்பிய இடங்கள் மிகக் குறைவு. வேல்ஸ் மலைப்பகுதியில் பார்ட்ரிஷோ என்ற சிற்றூரில் ஒன்று அப்படியே இருக்கிறது. ஒதுக்குப்புறமான ஊராக இருந்தது அதற்கு நல்லதாகப் போயிற்று.

சுரூபத்துக்குப் பின்னால், நேவும் சான்சலும் சேரும் வளைவுக்கு மேலே, பெரும்பாலும் கடைசித் தீர்ப்பின் ஓவியம் இருக்கும். அதைப் பார்க்க ஒரே ஓர் ஊருக்குத்தான் போக முடியும் என்றால் சஃபோக்கில் வென்ஹாஸ்டனுக்குப் போங்கள் என்பேன். அங்கே மரப் பலகைகளில் 1500 வாக்கில் எழுதிய தீர்ப்புநாள் படம் ஒன்று இருக்கிறது. மிக்கேல் சம்மனசு (தேவதூதர்) தராசில் ஆன்மாக்களை நிறுக்கிறார். பக்கத்தில் பிசாசு தன் பங்குக்குக் காத்து நிற்கிறது. மோட்ச வாசலில் இராயப்பர் (பேதுரு) வரவேற்கிறார். அவர் முன்னால் நிற்கிற எல்லாரும் பிறந்த மேனி. ஆனால் ராசா தலையில் கிரீடம் இருக்கிறது, ஆயர் தலையில் ஆயர் தொப்பி இருக்கிறது. வரைந்தவர் ஊர்ப்புற ஓவியர், கை அவ்வளவு தேர்ந்ததில்லை. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குத் துளியும் தயக்கம் இல்லை.

அந்தப் பலகையின் நடுவில் மூன்று வெற்று உருவங்கள் தெரியும். ஒன்று சிலுவை வடிவம், இரண்டு பக்கமும் ஆள் நிற்கும் வடிவம். மரச் சுரூபங்கள் பலகையை ஒட்டி நின்றதால் அந்த இடங்களில் ஓவியம் தேவைப்படவில்லை. சுரூபங்கள் போய்விட்டன, அவை நின்ற இடம் மட்டும் வடிவம் மாறாமல் மிச்சம். மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் பலகைக்கு மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது. 1892-ல் சர்ச்சைப் பழுதுபார்த்தவர்கள் பழைய மரம் என்று நினைத்துக் கல்லறைத் தோட்டத்தில் தூக்கிப் போட்டார்கள். அன்று இரவு மழை பெய்தது. காலையில் பார்த்தால் சுண்ணாம்பு கரைந்து முகங்கள் தெரிகின்றன. மழை பெய்யாதிருந்தால் அது விறகாகப் போயிருக்கும்.

கட்டியவர்கள் யார், காசு யாருடையது என்பது அடுத்து வருவது. ராசாவோ ஆயரோ கட்டிக் கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் நிலப்பிரபு கட்டினார் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் பின்னாளில் செலவு இரண்டாகப் பிரிந்தது. சான்சலைப் பராமரிப்பது தசமபாகம் வாங்குகிறவரின் பொறுப்பு. நேவைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு எங்கோ தூரத்து மடம் ஒன்று சான்சலை அப்படியே விட்டுவிடும். ஊரார் தங்கள் நேவை இடித்து உயர்த்தி, பக்கக்கூடங்கள் சேர்த்து, கூரைக்குக் கீழே வரிசையாகச் சன்னல் வைத்துக் கட்டுவார்கள். பல ஊர்களில் கூடம் ஓங்கி நிற்க, பீடப் பகுதி மட்டும் பழையதாய், தாழ்வாய் இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இந்தப் பிரிவினை இன்றும் செத்துவிடவில்லை. வார்விக்ஷயரில் ஆஸ்டன் கேன்ட்லோ என்ற ஊரில் ஒரு பண்ணை நிலத்தோடு சான்சல் பராமரிப்புக் கடமையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரத் தம்பதியிடம் சர்ச் நிர்வாகம் பழுதுபார்ப்புச் செலவைக் கேட்டது. 2003-ல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் சர்ச் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். 95,000 பவுண்டு அளவில் தொடங்கிய கோரிக்கை கடைசியில் 1,86,000 பவுண்டைத் தாண்டியது. இங்கிலாந்தில் இன்று வீடு வாங்குகிறவர்களில் பலர் இதற்கென்று ஒரு சிறு காப்பீடு எடுத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் பார்த்த சஃபோக், அதன் வடக்கே நார்ஃபோக், இரண்டிலும் நல்ல கட்டடக் கல் கிடையாது. வயலில் கிடைப்பது ஃப்ளின்ட் என்ற கறுத்த உருண்டைக் கல். உடைத்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஆனால் அதை வைத்து நேரான மூலை எடுப்பது கடினம். அதனால்தான் அந்தப் பக்கத்துப் பழைய கோபுரங்கள் பல வட்டமாக இருக்கின்றன என்பது வழக்கமான விளக்கம். நார்ஃபோக்கில் மட்டும் வட்டக் கோபுரங்கள் 120-க்கு மேல் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் கம்பளி வியாபாரத்தில் காசு புழங்கியபோது, வெளியூரிலிருந்து வெள்ளைக் கல்லைப் படகில் தருவித்து, அதைப் பூவாகவும் எழுத்தாகவும் வெட்டி, இடைவெளியில் கறுப்பு ஃப்ளின்டைப் பதித்தார்கள். லாங் மெல்ஃபர்டில் சர்ச்சின் வெளிச்சுவரைச் சுற்றி இந்த முறையில் நன்கொடை கொடுத்தவர்களின் பேரும், அவர்கள் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளும்படி ஒரு வேண்டுகோளும் ஓடுகின்றன.

அதைப் பெருமைக்குப் போட்ட பெயர்ப்பலகையாக நான் பார்க்கவில்லை. செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்பட்டுத்தான் மோட்சம் போக வேண்டும், உயிரோடு இருப்பவர்களின் செபம் அந்தக் காலத்தைக் குறைக்கும் என்பது அவர்களுக்குச் சோறு தண்ணீர் போல உறுதியான விசயம். வழியில் போகிறவன் பேரைப் படித்து ஒரு செபம் சொன்னால் போதும். 1348-லும் 1349-லும் கொள்ளை நோய் வந்து நாட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மக்களை அள்ளிக்கொண்டு போனது. குருவானவர் வந்து சேருவதற்குள் செத்தவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பின் வந்த தலைமுறைகளுக்கு இந்தப் பயம் எவ்வளவு நிசமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சஃபோக்கின் பெரிய சர்ச்சுகளில் பல அந்தப் பயத்திலும் அன்பிலும் எழுந்தவை.

சரி, காலியாவதற்கு முன் ஒரு சின்ன ஊர்ச் சர்ச் எப்படி இயங்கியது? இதற்குச் சஃபோக்கை விட்டு, தென்மேற்கில் இருக்கிற டெவன் பக்கம் போக வேண்டும். எக்ஸ்மூர் மேட்டின் தெற்கு ஓரத்தில் மோர்பாத் என்று ஓர் ஊர். அன்று முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள். 1520-லிருந்து 1574-ல் சாகும் வரை அங்கே குருவானவராக இருந்தவர் சர் கிறிஸ்டோபர் டிரிக்கே. 'சர்' என்பது அந்தக் காலத்தில் குருக்களுக்கு வழங்கிய மரியாதைச் சொல்தான், பட்டமில்லை. ஊர்க்கணக்கை அவரே எழுதி, வருடத்துக்கு ஒரு தடவை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டினார். அந்தக் கணக்குகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. இடைக்காலத்து ஊர்ச் சர்ச்சைப் பற்றி அதைவிட உயிரோட்டமான ஆவணத்தை நான் படித்ததில்லை.

ஒவ்வொரு சுரூபத்துக்கும் ஒரு நிதி. இளவட்டங்களுக்கு ஒரு நிதி, கன்னிப்பெண்களுக்கு ஒரு நிதி. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர்களை வருடாவருடம் மாற்றினார்கள். நிதிகளின் பேரில் ஆடுகள் இருந்தன. மாதாவின் ஆடு இவர் மந்தையில், செயின்ட் சிட்வெல்லின் ஆடு அவர் மந்தையில் என்று வீட்டுக்கு வீடு பிரித்து மேய்க்கக் கொடுப்பார்கள். கம்பளி விற்ற காசில் அந்தந்தச் சுரூபத்துக்கு மெழுகுவத்தி எரிந்தது. செத்துப்போன ஆட்டின் தோல் விலை வரைக்கும் கணக்கில் வருகிறது. இது போக, 'சர்ச் ஏல்' என்ற ஊர் விருந்து. ஊரே மது காய்ச்சி, சர்ச்சின் பக்கத்து வீட்டில் வைத்து விற்று, அண்டை ஊராரையும் அழைத்துக் குடித்துச் சாப்பிட்டுக் கிடைத்த லாபம்தான் சர்ச்சின் பெரிய வருமானம்.

டிரிக்கேயின் மனசில் ஓர் ஆசை இருந்தது. இறந்தவர்களுக்கான பூசையில் உடுத்த நல்ல கறுப்பு உடுப்பு ஒரு தொகுதி வாங்க வேண்டும். இருபது வருடங்களாகப் பென்னி பென்னியாகச் சேர்த்தார்கள். 1547-ல் உடுப்பு வந்து சேர்ந்தது. அதே வருடம் எட்டாம் ஹென்றி இறந்து, சிறுவன் ஆறாம் எட்வர்ட் அரியணை ஏறினான். அவனைச் சுற்றியிருந்தவர்கள் பழைய கத்தோலிக்க வழக்கங்களை ஒழிக்க நினைத்த தீவிர புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள். இறந்தவர்களுக்கான பூசை என்பதே ஒழிக்கப்பட்டது. அந்தக் கணக்குப் புத்தகத்தில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

அதற்குப் பின் நடந்தது வேகமாக நடந்தது. 1538-லேயே ஒவ்வொரு சர்ச்சிலும் இங்கிலீஷ் பைபிள் வைக்க வேண்டும், ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணை வந்திருந்தது. எட்வர்ட் காலத்தில் சுரூபங்கள், விளக்குகள், சுற்றுப்பிரகாரம் (ஊர்வலமாகச் சுற்றிவரும் பவனி), எல்லாவற்றுக்கும் தடை. 1549-ல் லத்தீன் பூசைக்குப் பதிலாக இங்கிலீஷ் செபப் புத்தகம். அந்த வருடம் டெவனும் கார்ன்வாலும் கலகத்தில் இறங்கின. மோர்பாத் ஊராரும் ஐந்து இளைஞர்களை ஊர்ச் செலவில் எக்ஸெட்டர் நகருக்கு வெளியே இருந்த கலகக்காரர் முகாமுக்கு அனுப்பினார்கள் என்பதைக் கணக்கு காட்டுகிறது. கலகத்தை அரசு ரத்தத்தில் முடித்தது. 1550-ல் கல் பீடங்களை எடுக்கச் சொன்னார்கள். 1553-ல் கத்தோலிக்கரான மேரி அரசியாகி எல்லாவற்றையும் திரும்ப வைக்கச் சொன்னார். வீடுகளில் ஒளித்து வைத்திருந்தவற்றை மோர்பாத் மக்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1558-ல் புராட்டஸ்டன்டான எலிசபெத் வந்தார். மறுபடியும் எல்லாம் போயிற்று. 1561-ல் அவர் போட்ட ஆணையில்தான் பரண்களை இடிக்க வேண்டும், தடுப்பு மட்டும் நிற்கலாம் என்று வந்தது. உங்கள் கதவு அந்தரத்தில் நின்றுபோனது அப்போதுதான். இத்தனை மாற்றத்துக்கும் டிரிக்கே அதே ஊரில், அதே பீடத்தில், தன் மக்களோடு இருந்தார். கொள்கையில்லாதவர் என்று அவரைச் சொல்கிறவர்கள் உண்டு. ஊரை விட்டுப் போகாதவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நார்ஃபோக்கில் பின்ஹம் என்ற ஊரின் தடுப்புப் பலகையில் இந்தக் கதை முழுவதையும் ஓர் அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். புனிதர்களின் ஓவியத்துக்கு மேல் வெள்ளை அடித்து, அதன் மேல் கறுப்பு எழுத்தில் இங்கிலீஷ் பைபிள் வசனங்களை எழுதினார்கள். காலப்போக்கில் வெள்ளை உதிர, வசனத்தின் வரிகளுக்கு நடுவே புனிதர்களின் கண்ணும் கன்னமும் எட்டிப் பார்க்கின்றன. வென்ஹாஸ்டன் பலகையின் அடியிலும், அதிகாரிகளுக்கு எல்லாரும் கீழ்ப்படிய வேண்டும் என்ற பவுலின் வசனம் எழுதியிருக்கிறது. சுரூபம் இருந்த இடத்தில் பல ஊர்களில் அரச முத்திரையைத் தொங்கவிட்டார்கள். சேதி எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

எண்பது வருடம் போலக் கழித்து இன்னொரு அலை வந்தது. ராசாவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் நடந்த காலம். நாடாளுமன்றத் தரப்பைச் சேர்ந்த வில்லியம் டவுசிங் என்பவர் 1643, 1644-ல் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலுமாக 200-க்கும் மேற்பட்ட சர்ச்சுகளுக்குப் போய், மிச்சமிருந்த படங்களை உடைக்கவைத்தார். எங்கே எத்தனை உடைத்தேன் என்று குறிப்பேடும் எழுதி வைத்தார். 1644 ஏப்ரலில் பிளைத்பர்க் சர்ச்சுக்கு வந்தார். வென்ஹாஸ்டனிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். சஃபோக் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சதுப்பு நிலத்துக்கு மேலே, ஒரு சின்னக் கிராமத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவில், மேல்வரிசையில் பக்கத்துக்குப் பதினெட்டு சன்னல்களோடு அது நிற்கும். அங்கே இருபது படங்களையும், கூரையில் இருந்த இருபது கெருபீன்களையும் (சிறகுள்ள தேவதூதர்கள்) எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார் டவுசிங்.

அந்தத் தேவதூதர்களில் பாதிக்கு மேல் இன்னும் மேலேயே இருக்கிறார்கள். கூரை முகட்டு உத்தரத்தின் நீளத்துக்கு, இருவர் இருவராக, முதுகோடு முதுகு சேர்த்து, ஒருவர் கிழக்கையும் மற்றவர் மேற்கையும் பார்த்தபடி, சிறகை விரித்து நிற்கிறார்கள். கூரையின் பழைய சாயம், வெளிறிய சிவப்பும் பச்சையும் பூக்களுமாக, யாரும் திரும்பப் பூசாமல் அப்படியே இருக்கிறது. காலை வெயில் மேல்வரிசைச் சன்னல்களில் விழும் நேரத்தில் போனால் சிறகின் இறகு ஒவ்வொன்றாகத் தெரியும். தேவதூதர்களின் மரத்தில் ஈயக் குண்டுகள் புதைந்திருந்தன. டவுசிங்கின் ஆட்கள் சுட்டது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் 18-ஆம் நூற்றாண்டுச் சர்ச் கணக்கில், கூரைக்குள் கூடு கட்டிய ஜாக்டா என்ற சின்னக் காக்கைகளைச் சுட வெடிமருந்துக்கும் குண்டுக்கும் காசு கொடுத்த விவரம் இருக்கிறது. அந்தக் குண்டுகள்தான் அவை. டவுசிங்கிடம் அவ்வளவு உயரத்துக்கு ஏணி இருந்திருக்காது, நேரமும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பிளைத்பர்க்கின் வடக்குக் கதவில் கருகிய தடங்கள் சில உண்டு. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடக்கும்போது பெரும் இடிமழை. கோபுரத்தின் கூம்பு சரிந்து கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. ஒரு ஆளும் ஒரு பையனும் இறந்தார்கள். அதே நாளில் பக்கத்து ஊரான பங்கேயிலும் இடி விழுந்தது. கறுப்பு நாய் உருவில் பிசாசு வந்தது, கதவில் இருப்பது அதன் நகத்தடம் என்று கதை பரவிவிட்டது. மெழுகுவத்திச் சுடரைக் காட்டி வேண்டுமென்றே ஏற்படுத்திய தடம் என்று இப்போது ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். தீயிலிருந்தும் தீயதிலிருந்தும் கட்டடத்தைக் காக்க மரத்தில் இப்படிச் சுட்டு வைக்கும் வழக்கம் பழைய வீடுகளிலும் உண்டு.

பெஞ்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிக காலம் மக்கள் நின்றுகொண்டோ முழங்காலிட்டோதான் இருந்தார்கள். முடியாதவர்கள் சுவரோரக் கல் திண்ணையில் உட்காருவார்கள். 15-ஆம் நூற்றாண்டில்தான் மரப் பெஞ்சு பரவலானது. பிளைத்பர்க்கில் பெஞ்சுகளின் முனைகளில் தலையான பாவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பல் கட்டிலில் கிடக்கிறது. போசனப்பிரியம் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெஞ்சுக்குள் நுழையும்போது கை வைத்துப் பிடிக்கிற உயரத்தில் இவை இருப்பதால் பல தலைமுறைக் கைகள் பட்டு வழுவழுவென்று ஆகிவிட்டன.

மற்றச் சின்ன விசயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான்சலின் தெற்குச் சுவரில், பீடத்துக்குப் பக்கத்தில், வடிகால் ஓட்டையோடு ஒரு சிறிய கல் குழி இருந்தால், அது பூசைப் பாத்திரம் கழுவிய நீரை மண்ணுக்குள் விடுவதற்கு. நேவின் பக்கச் சுவரில் அப்படி ஒன்று இருந்தால், அங்கே இன்னொரு பீடம் இருந்தது என்று அர்த்தம். ஞானஸ்நானத் தொட்டி மேற்கு வாசல் பக்கமே இருக்கும்; சபைக்குள் நுழைவதே அதன் வழியாகத்தானே. அதன் விளிம்பில் இரும்புக் கொக்கி உடைந்த தடம் தெரியும். மந்திரித்த தண்ணீரைச் சூனியத்துக்குத் திருடிவிடுவார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே மூடி போட்டுப் பூட்டச் சொல்லியிருந்தார்கள். தெற்கு வாசலின் மண்டபத்தில்தான் கலியாணத்தின் முதல் பாதி நடந்தது. அதற்குப் பிறகே உள்ளே போய்ப் பூசை. கடன் தீர்ப்பதும் ஒப்பந்தம் போடுவதும் அதே இடத்தில். தெற்குச் சுவரில் ஒரு குழியும் அதிலிருந்து பிரியும் கோடுகளும் கீறியிருந்தால், குச்சி செருகிப் பூசை நேரம் பார்த்த நிழற்கடிகாரம் அது.

வடக்குக் கதவு அடைபட்டிருந்தால் ஊர்க்காரர்கள் 'பிசாசுக் கதவு' என்பார்கள். ஞானஸ்நானத்தின்போது பிசாசு வெளியே ஓட அதைத் திறந்து வைப்பார்களாம். நல்ல கதைதான். ஆனால் அது சுற்றுப்பிரகாரம் போகிற கதவு, பிரகாரத்தைத் தடை செய்த பிறகு தேவையில்லாமல் அடைத்தார்கள் என்ற விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. குளிர்காற்று வேறு அந்தப் பக்கமிருந்துதான் வீசும்.

வழக்கங்களில் எவ்வளவோ செத்துவிட்டன, சில தங்கிவிட்டன. இயேசு பரலோகம் ஏறிய திருநாளுக்கு முந்தைய நாள்களில் குருவானவரும் ஊராரும் ஊர் எல்லையைச் சுற்றிவந்து, எல்லைக் கல்லைக் கோலால் அடிப்பார்கள். வரைபடம் இல்லாத காலத்தில் எல்லை சிறுவர்களின் ஞாபகத்தில் பதிய வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் பையன்களுக்கும் ஓர் அடி விழும். சில ஊர்களில் இன்றும் நடக்கிறது, பையன்களை அடிப்பதில்லை. ஸ்டாஃபர்ட்ஷயரில் அபட்ஸ் புரோம்லியில் ஆறு ஜோடி பனிமான் கொம்புகளைச் சர்ச்சுக்குள்ளே வைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அவற்றைத் தோளில் ஏந்தி நாள் முழுக்க ஊரைச் சுற்றி ஆடுகிறார்கள். கார்பன் சோதனையில் கொம்புகள் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஆனால் பழையது என்று எல்லாரும் நம்புகிற அறுவடைத் திருநாள் அப்படி ஒன்றும் பழையதில்லை. இன்று நடக்கிற வடிவத்தில் அதைத் தொடங்கியவர் கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ ஊரின் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், 1843-ல்.

மணி அடிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு மணியும் ஒரு முழுச் சக்கரத்தில் பூட்டி, ஒவ்வொரு இழுப்புக்கும் முழு வட்டம் சுற்றும். மெட்டு எதுவும் கிடையாது. மணிகள் ஒலிக்கும் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் மாறும், ஒருமுறை வந்த வரிசை திரும்ப வரக்கூடாது. ஏழு மணிகள் இருந்தால் 5,040 வரிசை. அடித்து முடிக்க மூன்று மணி நேரம் போல ஆகும். எட்டு மணிகள் இருந்தால் 40,320. அதை 1963-ல் லஃப்பரோவில் எட்டுப் பேர் ஆள் மாறாமல் பதினெட்டு மணி நேரம் நின்று அடித்து முடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில், 1940-லிருந்து, எதிரி தரையிறங்கினால் மட்டுமே மணி அடிக்கலாம் என்று நாடு முழுக்கத் தடை போட்டார்கள். 1942 நவம்பரில், எகிப்தில் எல் அலமைன் போரில் கிடைத்த வெற்றிக்குத்தான் மறுபடி அடித்தார்கள்.

இன்னொரு தடவை இந்தக் கட்டடங்கள் ஆபத்தைச் சந்தித்தது 19-ஆம் நூற்றாண்டில், அவற்றை நேசித்தவர்களாலேயே. பழுதுபார்க்கிறோம் என்று பழைய காரையைச் சுரண்டி, தடுப்பையும் பெஞ்சையும் தூக்கிப் போட்டு, 13-ஆம் நூற்றாண்டுப் பாணியில் புதிதாகக் கட்டினார்கள். சுரண்டிய காரையோடு ஓவியங்களும் போயின. இதை எதிர்த்துக் கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மாரிஸ் 1877-ல் ஒரு சங்கம் தொடங்கினார்: பழையதைப் புதியதாக்காதே, ஒழுகுகிற இடத்தை அடை, அதற்கு மேல் கை வைக்காதே என்பது அவர்கள் வாதம். கப்பல் வணிகம் நின்று ஏழ்மையில் கிடந்த பிளைத்பர்க் சர்ச் 1881-ல் ஆபத்தான கட்டடம் என்று மூடப்பட்டபோது மாரிஸின் சங்கம் தலையிட்டது. கூரைச் சாயம் இன்று இருப்பதற்கு அந்தச் சண்டையும், ஊரில் காசு இல்லாததும் காரணம். பணக்கார ஊர்கள் பல தங்கள் சர்ச்சின் பழமையை நன்கொடை வாங்கியே அழித்தன.

இப்போதைய நிலைமையையும் நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் பத்துப் பேர் வருகிற சர்ச்சுகள் நிறைய. கூரை ஈயத்தைத் திருடுகிறார்கள். கூட்டமே இல்லாமல் போன சர்ச்சுகளைப் பாதுகாக்க 1969-ல் தொடங்கிய அறக்கட்டளையிடம் இன்று 350-க்கு மேல் இருக்கின்றன. மற்றவற்றின் செலவு ஊராரின் தலையில்தான். அதனால் நேவின் மேற்குக் கோடியில் சமையல் மேடையும் கழிப்பறையும் வைக்கிறார்கள், சில இடங்களில் கடையோ தபால் நிலையமோ நடத்துகிறார்கள். புனிதம் கெட்டுவிட்டது என்று முகம் சுளிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மது காய்ச்சி விற்று மெழுகுவத்தி வாங்கிய ஊரார் கட்டிய கூடம் அது. நீங்கள் பார்த்த ஊரிலும் வாசலுக்குப் பக்கத்தில் சுவரோடு பதித்த ஓர் உண்டியல் இருந்திருக்கும். அடுத்த தடவை போனால் அதில் ஐந்து பவுண்டு போடுங்கள். அந்த வருடத்துக் கூரை வேலைக்குப் போய்ச் சேரும்.